பாதி பதில் மெழுகில், பாதி ரத்தத்தில்

மாலிக்யூலர் லேபில் வேலை பழக வருகிற பிள்ளைகள் நேராக பிசிஆர் மெஷின் பக்கத்தில்தான் போய் நிற்பார்கள். திரையில் கர்வ் ஏறுவதைப் பார்க்க அவ்வளவு ஆசை. நான் அவர்களை முதலில் மைக்ரோடோம் அறைக்கு அழைத்துப் போவேன். நுரையீரல் புற்றுநோய்க்காரர் ஒருவருக்கு எந்த மருந்து கேட்கும் என்பது, மெழுகு பிளாக்கை அறுக்கிற அந்த இடத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

நுரையீரலில் ஊசி போட்டு எடுக்கிற சதை நூல் கனம்தான் இருக்கும். அதிலேயே பாத்தாலஜிஸ்டுக்கு எச் அண்ட் ஈ ஸ்லைடு வேண்டும். பிறகு டிடிஎஃப்-1, பி40 என்று மார்க்கர்கள் வேண்டும். ஒவ்வொரு முறை பிளாக்கைக் கழற்றி மறுபடி பூட்டும்போதும் முகத்தைச் சமன் செய்வதிலேயே திசு கொஞ்சம் போய்விடும். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணன், பிளாக்கைப் பூட்டிய முதல் தடவையே டிஎன்ஏவுக்கான வெட்டுகளையும் எடுத்து, பெயர் எழுதி, தனியாக வைத்துவிடுவார். “டாக்டர் இன்னும் கேக்கலையேண்ணா” என்றேன் ஒருநாள். “கேக்கும்போது பிளாக்ல ஒண்ணும் இருக்காதுப்பா” என்றார்.

அவர் கையை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். பிளாக்கை ஐஸில் நன்றாகக் குளிரவைப்பார். சக்கரத்தை ஒரே சீராகச் சுற்றுவார். ரிப்பன் அறாமல் இறங்கும். அடுத்த நோயாளியின் பிளாக் வருமுன் பிளேடை மாற்றுவார், வாட்டர் பாத் தண்ணீரின் மேற்பரப்பை டிஷ்யூவால் வழித்தெடுப்பார். யாரும் பார்க்காத நாளிலும் இதை விட்டதில்லை. முந்தைய பிளாக்கின் ஒரு துணுக்கு மிதந்து வந்து ஒட்டிக்கொண்டால் போதும், பிசிஆர் அதையும் பெருக்கிக் காட்டிவிடும்.

அடுத்தது சுரண்டல். பாத்தாலஜிஸ்ட் தன் ஸ்லைடில் கட்டி இருக்கிற இடத்தை மையால் வளைத்துத் தருவார். சாயம் ஏற்றாத ஸ்லைடை அதன்மேல் பொருத்தி, வளையத்துக்குள் இருப்பதை மட்டும் சுரண்ட வேண்டும். வெளியே இருக்கிற நல்ல திசுவையும் லிம்ஃபோசைட்டுகளையும் சேர்த்து அள்ளினால் மாறிய டிஎன்ஏ நீர்த்துப்போகும். சாங்கர் முறையில் 15–20 சதவீதமாவது இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்கும் கீழே பிடிக்கிற கிட்டுகள் வந்துவிட்டன. அதற்காகச் சுரண்டலில் அசட்டை கூடாது.

இவ்வளவு பாடும் எதற்கு? கெஃபிடினிப் என்ற மருந்து சிலருக்கு மட்டும் ஏன் அப்படிக் கேட்கிறது என்ற காரணம் 2004இல் பிடிபட்டது: இஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம். எக்ஸான் 19இல் ஒரு துண்டு விடுபடுவதும், எக்ஸான் 21இல் எல்858ஆர் என்ற மாற்றமும்தான் மிகப் பெரும்பான்மை. 2009இல் வெளியான ஐபாஸ் ஆய்வில், மாற்றம் இருந்தவர்களில் கெஃபிடினிப் பெற்ற 71 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. மாற்றம் இல்லாதவர்களில் 1 சதவீதம்தான். இருப்பதை இல்லை என்று எழுதினால் ஒருவருக்குக் கேட்கிற மருந்து கிடைக்காமல் போகிறது. இல்லாததை இருக்கிறது என்று எழுதினால் கீமோ தொடங்க வேண்டிய மாதங்கள் வீணாகின்றன. சுரண்டும்போது எனக்கு இந்த இரண்டு எண்களும்தான் மனதில் ஓடும்.

ஃபார்மலினிடம் எச்சரிக்கை வேண்டும். திசு அதில் அதிக நாள் கிடந்தால் டிஎன்ஏ துண்டுதுண்டாகும். சைட்டோசின் கெட்டு, தைமின் போலப் படிக்கப்படும். கெஃபிடினிப் கேட்பது நின்றுபோனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் வருகிற டி790எம் மாற்றமும் இதே சி-டி மாற்றம்தான். அது இருந்தால் ஓசிமெர்டினிப் என்ற வழி திறக்கிறது என்பதால் எல்லோரும் ஆவலோடு அதை எதிர்பார்ப்பார்கள். பழைய பிளாக்கில் அது கடைசி சைக்கிள்களில் லேசாகத் தலைகாட்டினால் நம்பிவிடாதீர்கள். யுராசிலை நீக்குகிற நொதியைச் சேர்த்தால் இந்தப் பொய் குறையும், முழுக்க அடங்காது. புதிதாகச் சுரண்டி, தனியாக டிஎன்ஏ எடுத்து, மறுபடி ரன் போடுங்கள். இரண்டிலும் வந்தால் எழுதுங்கள்.

வெளியிலிருந்து ஒருமுறை எலும்பு பயாப்ஸி பிளாக் வந்தது. எலும்பை இளக்க ஆசிடில் போட்டிருக்கிறார்கள். ஆசிட் டிஎன்ஏவைத் தின்றுவிடும். இடிடிஏவில் பொறுமையாக ஊறவைத்திருந்தால் தப்பியிருக்கும். மாற்றத்துக்கான கர்வ் எழவில்லை. பக்கத்திலிருந்த கன்ட்ரோல் மரபணுவின் கர்வும் எழவில்லை. இப்படிப்பட்டதற்கு ‘மாற்றம் இல்லை’ என்று எழுதக் கூடாது. ‘மாதிரி போதவில்லை’ என்று எழுத வேண்டும். எழுதினோம். ரத்தம் கேட்டு வாங்கி, உடனே சுழற்றி, பிளாஸ்மாவில் தேடியபோது எக்ஸான் 19 மாற்றம் தெளிவாக வந்தது.

மருந்து கேட்குமா என்பதற்குக் கட்டியைப் பார்க்கிறோம். உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதற்கு அந்தக் கட்டி உதவாது. பிறவியிலேயே வந்த டிஎன்ஏவைப் பார்க்க வேண்டும். சிறுசெல் வகை நுரையீரல் புற்றுநோய்க்கு இரினோடீகன் கொடுப்பதுண்டு. அது உடம்பில் எஸ்என்-38 ஆகிறது. அதைக் கழித்துக்கட்டுவது யுஜிடி1ஏ1 என்கிற நொதி. அந்த மரபணுவின் முகப்பில் டிஏ என்ற இரண்டெழுத்து வழக்கமாக 6 தடவை வரும். 7 தடவை வந்தால் ஸ்டார் 28. நொதி குறைவாக உருவாகும். இரண்டு பிரதியிலும் 7 என்றால் வெள்ளணுக்கள் ஆபத்தாகச் சரியலாம். 2005இலேயே அமெரிக்காவில் மருந்தின் குறிப்புத்தாளில் இதைச் சேர்த்துவிட்டார்கள். கிழக்காசியாவில் ஸ்டார் 6 என்ற இன்னொரு மாற்றத்தையும் பார்த்தாக வேண்டும். நம் மக்களிடம் அதிகம் தென்படுவது ஸ்டார் 28தான்.

இதற்கும் கட்டி பிளாக்கையே அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டியில் ஒரு பிரதி தொலைந்துபோயிருக்கலாம். அப்போது 6/7 ஆள் 7/7 போலவோ 6/6 போலவோ தெரிவார். ஆகவே இடிடிஏ டியூபில் ரத்தம் கேளுங்கள். கேபில்லரியில் ஓட்டினால் 6க்கும் 7க்கும் இடைவெளி இரண்டே எழுத்து. பாலிமரேஸ் வழுக்கி, 7/7 ஆளின் பெரிய பீக்குக்கு முன்னால் 6இன் இடத்தில் ஒரு குட்டி பீக்கை எழுப்பும். அவசரத்தில் பார்க்கிறவர் அதை 6/7 என்று படித்துவிடுவார். அந்த நோயாளிக்கு முழு டோஸ் போய்விடும். உண்மையான 6/7இல் இரண்டு பீக்கும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். தெரிந்த 6/6, 6/7, 7/7 மூன்றையும் ஒவ்வொரு ரன்னிலும் கூடவே ஓட்டி, உயரங்களை அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 7/7 என்று உறுதியானால் ரிப்போர்ட் அச்சாகும்வரை காத்திருக்க வேண்டாம். வார்டுக்குப் போன் போட்டு, முதல் டோஸ் ஏற்றுமுன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குறைத்துத் தொடங்குவதா, வேறு மருந்துக்குப் போவதா என்று அவர் பார்த்துக்கொள்வார்.