தேன் அறை எப்போது வைப்பது?

திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயமே தேனீயின் பெயரால் ‘அந்நஹ்ல்’ என்று அழைக்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். அதை ஓதும் நம்மில் எத்தனை பேர் ஒரு தேன்பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறோம்? அட்டன் பக்கத்தில் எங்கள் மத்ரஸாவின் பின்புறம் இரண்டு பெட்டிகள் இருப்பதால், பிள்ளைகளை அழைத்துப்போக வரும் தாய்மார்கள் அடிக்கடி ஒன்றைக் கேட்பார்கள்: “மௌலவி, பெட்டி நிறைந்து வழிகிறது, மேலே தேன் அறை எப்போது வைப்பது?”

அதற்கு முன் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். தேனீ என்றதும் கொழுந்து மலையில் பெண்களைத் துரத்திக் கொட்டும் குளவிகள்தான் நமக்கு ஞாபகம் வரும். நாம் குளவி என்று சொல்வதில் ஒரு பகுதி உண்மையில் மலைத்தேனீ. உயர்ந்த மரத்திலும் பாறையிலும் திறந்தவெளியில் ஒற்றை அடை கட்டுவது அது. அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. பெட்டிக்கு வருவது மரப்பொந்தில் வாழும் சிறிய நாட்டுத் தேனீ. முன்னோர் அதை மண்பானையிலும் வளர்த்தார்கள். சுபாவத்தில் சாது, ஆனாலும் முகவலையும் கொஞ்சம் புகையும் இல்லாமல் திறக்காதீர்கள்.

நம் மலைகள் கண்ணுக்குப் பச்சை. தேனீக்கோ பெரும்பகுதி வெறும் காடு. தேயிலைச் செடியும் பூக்கும். ஆனால் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் நாம் அதைப் பூக்கவிடுவதில்லை. தேன் வருவது நிழலுக்கு நட்ட சவுக்கு மரத்திலிருந்தும், டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூக்கலிப்டஸ் தோப்புகளிலிருந்தும்தான். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் அட்டன், நோர்வூட் பக்கம் மரம் பூத்திருந்தாலும் ஈ வெளியே போக முடியாது. அதே மாதங்களில் மலைக்கு அப்பால் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் கச்சான் காற்றும் வெயிலுமாக இருக்கும். ஆகவே அங்குள்ள உறவினர் வைத்தார் என்பதற்காக அதே தேதியில் நீங்களும் தேன் அறை வைக்க வேண்டாம். உங்கள் பெட்டியையே கேளுங்கள்.

பெட்டி சொல்லும். பின்பக்கத்தைக் கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள், வாராவாரம் கனம் ஏறும். மஃரிபுக்குப் பின் வாசலில் காது வைத்தால் சிறகு விசிறும் இரைச்சல் கேட்கும், இனிய மணமும் வரும். பூவிலிருந்து கொண்டுவந்த நீர்த்த சாற்றின் ஈரத்தை அவை விசிறி வற்றவைக்கின்றன. திறந்தால், அடைகளின் மேல் விளிம்பில் புது மெழுகு வெள்ளையாகப் படர்ந்திருக்கும். கீழே புழு அறையின் சட்டங்கள் எல்லாம் ஈ மூடி நிற்கும். அன்றுதான் முதல் தேன் அறையை வைக்க வேண்டும்.

ஆசையில் முன்கூட்டியே இரண்டு அறை அடுக்குபவர்கள் இருக்கிறார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேல். அந்தக் குளிரில் குஞ்சுகளை ஏறக்குறைய 35 பாகை வெப்பத்தில் வைத்திருக்கவே ஈக்கள் பாடுபடுகின்றன. தலைக்கு மேல் வெற்றறை இருந்தால் சூடு வீணாகும். காவல் இல்லாத அடையில் மெழுகுப் பூச்சி குடியேறும். தாமதித்தாலோ இடநெருக்கடியில் கூட்டம் பிரிந்து, பழைய ராணியோடு பாதி ஈக்கள் பறந்துபோய்விடும். அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போலத் தொங்கும் ராணி அறைகள் அதற்கு முன்னறிவிப்பு. முட்டையிட்ட எட்டு நாளளவில் ராணி அறை மூடப்பட்டுவிடும் என்பதால், பூக்காலத்தில் ஏழு நாளுக்கு ஒருமுறை பார்ப்பது கட்டாயம். தேன் அறையில் முக்கால்வாசி நிறைந்தபின் அடுத்ததை வையுங்கள். நிறைந்ததை உயர்த்தி, புதியதை அதற்கும் புழு அறைக்கும் நடுவில் வைப்பது என் வழக்கம்.

தேன் அறை மேலே இருக்கும்போது சீனிப்பாகு ஊற்றாதீர்கள். அதையும் ஈ அடையில்தான் சேமிக்கும். அதைப் பிழிந்து தேன் என்று விற்றால், தராசு சரியாக இருந்தும் வியாபாரம் மோசடியாகிவிடும். சீனி, பூ இல்லாத மழை மாதங்களில் அவை உயிர் பிழைக்கக் கொடுப்பது.

எடுப்பதிலும் அவசரம் ஆகாது. அறைகளில் முக்கால் பங்காவது மெழுகால் மூடப்பட்ட சட்டங்களையே எடுங்கள். மூடாத தேனில் ஈரம் அதிகம். சர்வதேசத் தரம் நூற்றுக்கு 20 பங்கு ஈரத்துக்கு மேல் ஏற்பதில்லை. நம் பனிமூட்டத்தில் அது சீக்கிரம் புளித்து நுரைக்கும். அடையைப் பிழியாமல் கையால் சுற்றும் இயந்திரத்தில் வைத்துத் தேனை எடுத்துவிட்டு, வெற்றடையைத் திருப்பி வையுங்கள். மெழுகு கட்ட அவை செலவிடும் தேன் கொஞ்சநஞ்சமல்ல. கீழ் அறைத் தேனைத் தொடவே கூடாது, அது அவற்றின் மழைக்காலச் சாப்பாடு. பசி வந்தால் நாட்டுத் தேனீ கூட்டையே கைவிட்டுப் போய்விடும். முதன்முறையாகத் தொடங்குபவர்கள் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவயில் உள்ள விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவில் விசாரித்துக்கொள்ளலாம்.

தேனுக்கு ஸகாத் உண்டா என்றும் கேட்கிறார்கள். ஹனபி மத்ஹபில் உண்டு. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் கடமையில்லை. அண்டை வீட்டுக்கு ஒரு போத்தல் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை.

தாய்மார்களுக்கு இன்னொன்று. வீட்டுத் தேன் சுத்தமானது என்ற நம்பிக்கையில் பச்சிளம் குழந்தையின் நாவில் தொட்டு வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் வேண்டாம். எவ்வளவு சுத்தமான தேனிலும் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, முதிராத குடலில் முளைத்து நஞ்சு பரப்பி, தசைகளைத் தளரச் செய்து மூச்சையே பாதிக்கும். கொதிக்கவைத்தாலும் அந்த வித்து எளிதில் சாகாது. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் குழந்தைகளுக்குத் தஹ்னீக் செய்ததாக ஹதீஸில் வருவது பேரீச்சம்பழத்தைக் கொண்டுதான். அதற்காகத் தேன்பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை.