சலவை அறையில் ஒரு சாவு

கோத்தன்பர்க்கில் எங்கள் குடியிருப்புக்கு நிலவறையில் பொதுச் சலவை அறை. முறைவைத்துத்தான் துவைக்க வேண்டும். வந்த முதல் குளிர்காலத்தில் துணிக்கூடையோடு இறங்கினேன். பக்கத்து வீட்டு அம்மா துவைக்கும் இயந்திரத்தைக் காட்டி ஏதோ சொன்னார். காதில் விழுந்தது 'கோலா' மட்டும். எனக்குத் தெரிந்த கோலா, டாஃபி மிட்டாய். யார் சட்டைப்பையிலிருந்தோ உதிர்ந்து அடைத்துக்கொண்டதோ என்று உள்ளே கைவிட்டுத் துழாவினேன். அந்த அம்மா கண்ணை மூடி, நாக்கைத் தொங்கவிட்டுக் காட்டினார். இயந்திரம் செத்துவிட்டதாம்.

ஸ்வீடிஷில் மிட்டாய்க்கும் கொச்சையாகச் சாவதற்கும் ஒரே எழுத்துக்கூட்டல். சாகிற கோலா, ஃபின்னிஷின் 'குவொல்லா'விலிருந்து வந்தது என்பார்கள். ஃபின்லாந்தில் அது யாருக்கும் பொதுவான, கேலி கலக்காத சொல். இங்கே வந்துதான் அதற்கு இந்த இளப்பம்.

'கிரெபேரா' இன்னும் மட்டம். நாய் செத்த மாதிரி சாவது. இத்தாலியரின் 'கிரெபாரே', அதாவது வெடிப்பது, முப்பதாண்டுப் போரில் (1618–1648) சிப்பாய்கள் வாய்வழியே ஜெர்மனுக்குள் நுழைந்து, அங்கிருந்து ஸ்வீடிஷுக்கு வந்த சொல். ஸ்வீடன் அரசர் இரண்டாம் கஸ்டாவ் அடால்ஃப் அதே போரில், 1632-இல், லுட்சன் களத்தில் மாண்டார். அவருக்கு இந்தச் சொல்லைப் போட எந்த வரலாற்றாசிரியருக்கும் கை வராது.

இரவல் சொல் என்றாலே இளக்காரம் என்று முடிவுகட்டியிருந்தேன். ஐஸ்லாந்து மொழி அதைக் கெடுத்தது. அங்கே மனிதர் சாவது 'டேயா'. ஆடுமாடு சாவது 'ட்ரேபஸ்ட்'. விளையாட்டாகச் சொல்ல, இளங்காற்றைக் கொட்டாவி விட்டான் என்று சொந்தச் சரக்கே இருக்கிறது. அந்த டேயாவின் பழைய நார்ஸ் வடிவம்தான் ஆங்கிலத்துக்குப் போய் 'டை' ஆனது என்கிறார்கள். வந்த சொல் நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டது. சாவைக் குறித்த சொந்தச் சொல் 'ஸ்டார்வ்' ஆகிப் பட்டினிக்குப் போய்விட்டது.

இவ்வளவும் பின்னால் படித்தது. அதற்கு முன்பே, அப்பாவை இழந்த அலுவலக நண்பரிடம் துக்கம் கேட்கப் போய், சலவை அறையில் கற்ற சொல்லையே எடுத்துவிட்டிருந்தேன். நம்மூரில் "உங்கப்பா டிக்கெட் வாங்கிட்டாராமே" என்று கேட்ட மாதிரி. அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "யிக் போர்ட்" என்று மெதுவாகத் திருத்தினார்.

போய்விட்டார். தமிழில் நினைத்து அப்படியே ஸ்வீடிஷில் சொல்லியிருந்தால் சரியாக வந்திருக்கும்.