காந்தளூரில் ஒரு படகின் பெயர்

சென்ற கோடை விடுப்பில் நாம் குடும்பத்துடன் காந்தளூர் சென்று வந்தோம். மலையூருக்குப் போனவர் படகைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்கள் வியக்கலாம். காரணம் உண்டு.

உடுமலைப்பேட்டையில் இரயிலை விட்டு இறங்கிச் சின்னாற்று வனத்தைக் கடந்து மறையூர் சேர்ந்தால், அப்பால் ஜீப்பில் மலையேற வேண்டும். ஊர் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும் காதில் விழுவது பெரிதும் தமிழே. அஞ்சுநாடு எனப்படும் ஐந்து ஊர்களுள் இஃது ஒன்று. முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர் என்பது அங்கு வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பிழைப்பை நாடி மும்பை வந்த நமக்கு அதைக் கேட்டதும் ஓர் உறவு தோன்றிற்று. இராசராச சோழன் கலம் அறுத்ததாகக் கல்வெட்டுகள் கூறும் காந்தளூர்ச் சாலை இதுவன்று. அது திருவனந்தபுரத்தில் இருந்தது என்பர். அந்தக் கலம் கப்பல்தானா என்பதிலும் அறிஞர்க்குள் வழக்கு உண்டு. இந்தக் காந்தளூரில் கப்பலும் இல்லை, கடலும் இல்லை. படிப்படியாய் இறங்கும் வயல்களில் வெள்ளைப்பூண்டே விளைகிறது.

அப்படியொரு பூண்டு வயலின் வரப்பில் நின்றபோதுதான் நாகப்பட்டினத்திலிருந்து மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார்.

"மச்சான், பழைய பைபர் படகு ஒன்று வாங்கிவிட்டேன். நீங்கள் படித்தவர். நல்ல பெயராக ஒன்று சொல்லுங்கள்" என்றார்.

படகுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது: மலர்விழி. விற்றவருடைய மகளின் பெயர். 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலையில் மறைந்த குழந்தை. அதன் பின்னர் வாங்கிய படகுக்குத் தந்தை அவள் பெயரையே எழுதியிருந்தார். இப்போது முழங்கால் தளர்ந்து தொழிலை விட்டுவிட்டார். கடல் கொண்டு போனவளின் பெயரோடு கடலுக்குப் போவதா என்றனர் மைத்துனர் வீட்டாரில் சிலர். நம் மாமியாரோ, இருக்கும் பெயரை அழிப்பது படகின் கண்ணைக் குத்துவதற்குச் சமம் என்று ஒரே பிடியாய் நின்றார்.

கண் என்று அவர் சொன்னது வெறும் பேச்சன்று. முகப்பின் இருபுறமும் கண் எழுதும் வழக்கம் நம் கடற்கரையில் பழையது. மஞ்சள் பூசி, மாலையிட்டு, தேங்காய் உடைத்த பிறகே புதுப்படகை நீரில் தள்ளுவர். கிறித்தவக் குப்பங்களில் பாதிரியார் மந்திரித்த நீர் தெளிப்பார். புனிதர் பெயரோ மாதா பெயரோ இடுவர். மேல்நாட்டார் கப்பலின் முகப்பில் மதுப்புட்டியை உடைக்கின்றனர். பெயரை மாற்றினால் தீங்கு வரும் என்ற அச்சம் அவர்களிடமும் உண்டு.

குமாஸ்தா புத்தி முன்மாதிரியைத் தேடிற்று. வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கம்பெனி 1907-இல் தூத்துக்குடிக்குக் கொணர்ந்த இரு கப்பல்களும் காலியா, லாவோ என்ற அயற்பெயர்களுடனேயே ஓடின. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணியை வாங்கிய அமெரிக்கரோ அதற்குத் தம் மனைவியின் பெயரை இட்டார். அது வல்வை மாலுமிகளுடன் அட்லாண்டிக்கைக் கடந்து 1938-இல் அமெரிக்கக் கரையைப் பத்திரமாய் அடைந்தது. ஆனால் 1926-இல் கட்டப்பெற்று, நம்மவரைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றிச் சென்ற ரஜூலாவை நினையுங்கள். 1973-இல் கைமாறி ரங்கத் எனப் பெயர் பெற்றது. மறு ஆண்டே உடைக்கப்பட்டது. அரை நூற்றாண்டு உழைத்த கப்பலை வேறென்ன செய்வது? ஆயினும் பெயரை மாற்றியதன் பலன் என்று சொல்லவும் ஆள் இருக்கும். ஆக, முன்மாதிரிகள் இருபக்கமும் பேசின.

நமக்கோ ஓர் ஆசை பிறந்தது. ஊர்ப் பெயரிலிருந்தே 'காந்தள்' என்று வைத்தால் என்ன? சங்கப் புலவர் பாடிய மலர். மேலும் இம்மலைநீர் பாம்பாற்றில் விழுந்து, கிழக்கே ஓடி, அமராவதி வழியாகக் காவிரியில் கலந்து, பூம்புகாரில் கடலைச் சேர்கிறது; மைத்துனர் வலை வீசும் கடலும் அதுவே. இப்பொருத்தத்தை நம் துணைவியாரிடம் பெருமிதத்துடன் விளக்கினோம்.

"பூ நன்றாகத்தான் இருக்கிறது. அது எங்கள் அண்ணனுக்கு என்ன தெரியும்?" என்றார். அத்துடன் காந்தள் வாடிற்று.

மறுநாள் மலையிறங்கிய ஜீப்பின் முன்கண்ணாடியில் 'அஞ்சலி' என்று எழுதியிருந்தது. மகளா என்று ஓட்டுநரைக் கேட்டோம்.

"எனக்கு மகளே இல்லை, சார். வாங்கும்போதே இருந்த பெயர். ஊரில் எல்லாரும் அஞ்சலி வண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்கு அழிக்க வேண்டும்?" என்றார். கண்ணாடியடியில் ஓர் எலுமிச்சம்பழமும் ஆடிக்கொண்டிருந்தது.

துணைவியார் அதுவரை வாய் திறவாமல் வந்தார். மலர்விழியும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதை அன்றுதான் நாம் அறிந்தோம். மணமாகி எட்டாண்டுகளில் ஒருமுறையும் சொன்னதில்லை. மறையூரில் வண்டி நின்றதும் நம் கையிலிருந்த தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

"அண்ணே, ஊரெல்லாம் கேட்கிறாயே, அவள் அம்மாவைக் கேட்டாயா?" என்றார்.

மைத்துனர் கேட்கவில்லை. அன்று மாலையே போய்க் கேட்டார். அந்த அம்மாள் சற்று நேரம் பேசாதிருந்து, பிறகு, "எழுத்து மங்கிப் போச்சு தம்பி. எழுதறதா இருந்தா நல்ல சாயமா வாங்கி எழுதுங்க" என்றாராம்.

பதிவேட்டுப் பெயரை மாற்ற விண்ணப்பம் எழுதும் வேலை நமக்கு மிச்சமாயிற்று. பழைய எழுத்தின் மீதே நீலச் சாயம் ஏற்றினார்கள். பூசையன்று முகப்புக்கு மஞ்சள் பூசியவர் அந்த அம்மாளே என்றும், தேங்காய் சரிபாதியாய் உடைந்தது என்றும் மாமியார் சொல்லி அனுப்பினார். காந்தளூர்ப் பூண்டில் ஒரு படியை நாகைக்கு அனுப்பியிருக்கிறோம்.