யார்ட வீடு?

பப்ஜி விளையாடின எல்லாருக்கும் எரங்கல் தீவு தெரியும். 8 கிலோமீட்டர் நீளம், 8 கிலோமீட்டர் அகலம். பரசூட்டில் குதிக்கிற 100 பேரில் கடைசியில் ஒரு அணிதான் மிஞ்சும். நாங்கள் நாலு பேரும் ஒரு ஸ்குவாட். பொச்சின்கியில் எந்த வீட்டுக்கு எத்தனை வாசல் எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவம். எங்கட ஊரில் அடுத்த ஒழுங்கையில் ஆர் இருக்கினம் எண்டு கேட்டால் முழிப்பம்.

அந்தத் தீவில் ஒரு சனமும் இல்லை. கட்டில் கிடக்கும், படுக்க ஆளில்லை. நாங்கள் அதைப் பற்றி யோசிச்சதே இல்லை. கதவைத் திற, கிடைக்கிறதை எடு, அடுத்த வீட்டுக்கு ஓடு.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போனது. பெற்றோலும் இல்லை. வைஃபை செத்த ஒரு காலமை, சைக்கிளை எடுத்துக்கொண்டு சுன்னாகத்திலிருந்து மயிலிட்டிக்கு வெளிக்கிட்டம். ஏறக்குறைய 10 கிலோமீட்டர். எங்களில் ஒருத்தனின் அம்மம்மா 1990இல் விட்டிட்டு ஓடி வந்த வீடு அங்கதான். 2017 ஜூலையில் துறைமுகப் பக்கம் விடுபட்ட பிறகும், முழங்கால் வருத்தத்தால் அவ போகேல்லை.

கூரை இல்லை. சுவருக்குள்ளால் ஆலமரம் வளர்ந்திருந்தது. நாங்கள் பழக்கதோஷத்தில் ஸ்குவாட் மாதிரியே உள்ளிட்டம். ஒருத்தன் பகிடியாச் சொன்னான்:

“லூட் ஒண்டும் இல்லை மச்சான்.”

வீடியோ கோல் ஏற்கெனவே எடுபட்டிருந்தது. அங்கால் அம்மம்மாவின் குரல்.

“என்ன இல்லையாம் மோனை?”

நாலு பேரும் வாய் திறக்கேல்லை.

பிறகு அவதான் வழி சொன்னா. “உதுதான் குசினி. அங்கால திருப்படா. கிணத்தடியைக் காட்டு.” பத்தைக்குள்ளால் போய்க் கிணத்தைக் காட்டினம். கன நேரம் பார்த்தா. “தண்ணி கிடக்கே?” எண்டு கேட்டா. போனைக் குனிஞ்சு பிடிச்சம். கறுப்பாத்தான் தெரிஞ்சது. ஸ்கிரீனால் அதுக்கு மேல ஒண்டும் செய்ய ஏலாது.

ஒரு போத்தலைக் கயிற்றில் கட்டி இறக்கி, அள்ளிக்கொண்டு வந்தம். பின்னேரம் அவ அதை உள்ளங்கையில் ஊத்தி, மணந்து பார்த்து, கண்ணில் ஒற்றினா. “பாழுங்கிணறு, குடிக்கப்படாது” எண்டு எங்களைத்தான் ஏசினா. மிச்சத் தண்ணியை வெளியில் ஊத்தேல்லை.

போனைத் தூக்கி எறியுங்கோ எண்டு சொல்ல இதை எழுதேல்லை. போன் இல்லாட்டில் அவ தன்ர குசினியைப் பார்த்திருக்க மாட்டா. சைக்கிள் இல்லாட்டில் அந்தத் தண்ணி அவவின் கைக்கு வந்திருக்காது. எங்களுக்கு ரெண்டும் தேவைப்பட்டது. முந்தி ஒண்டை மட்டும் வைச்சுக்கொண்டு, அதுதான் முழு உலகம் எண்டு இருந்திட்டம்.

கரண்ட் வந்த பிறகு திரும்பவும் எரங்கலில் குதிச்சம். இண்டைக்கும் விளையாடுறம். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு சைக்கிளுக்கு. விளையாட்டுக்குள்ளும் ஒரு பழக்கம் வந்திட்டுது. வெறும் வீடு ஒண்டுக்குள் புகேக்க, ஹெட்செட்டில் ஆராவது மெல்லமாக் கேட்பான்:

“இது யார்ட வீடு மச்சான்?”