குறுக்கே நீட்டிய கால்

போடிநாயக்கனூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்பாக்கள் மேலே இருந்தார்கள். மேலே என்றால் மலையில். “உங்கப்பா எங்கடி?” என்று யாராவது கேட்டால் மேற்கே கையைத் தூக்கிக் காட்டுவோம். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களில் அவர்களுக்கு வேலை. தோட்டம் கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் இருந்தது. வீடு, பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு எல்லாம் போடியில். அப்போது தேனி மாவட்டம் பிறந்திருக்கவில்லை. போடி மதுரை மாவட்டத்துக் கடைசி ஊர்களில் ஒன்று.

என் அப்பாவுக்கு ஏல ஸ்டோரில் காய் வாட்டும் வேலை. ஏலச்செடியில் காய் ஒரே நாளில் முற்றாது. தூரடியில் தரையோடு படர்ந்து கிடக்கும் சரத்தில் ஒரு பக்கம் பூ இருக்கும், ஒரு பக்கம் பிஞ்சு, ஒரு பக்கம் எடுப்புக்கு வந்த காய். ஒரு தடவை எடுத்த செடிக்கு முப்பது, நாற்பது நாள் கழித்துத் திரும்ப வர வேண்டும். ஆகஸ்டில் தொடங்கினால் தை மாசம் வரைக்கும் இப்படியே சுற்று ஓடும். சாயங்காலம் வந்து இறங்குகிற பச்சைக்காயை அன்றைக்கே தட்டில் பரப்பி ஸ்டோருக்குள் ஏற்றி, விடிய விடிய விறகு போட்டு வாட்ட வேண்டும். அனல் கூடினால் காய் வெடித்து வெளுக்கும். குறைந்தால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போனால் விலை போச்சு. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காயை வாட்டினால் ஒரு கிலோதான் தேறும். அந்த ஒரு கிலோவுக்காக அப்பா ராத்திரித் தூக்கத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். சீசனில் அவர் கீழே இறங்க வழியே இல்லை. அதனால் நாங்கள் மேலே ஏறினோம்.

1987. காலாண்டுப் பரீட்சை லீவு விட்ட மறுநாள். எனக்கு ஏழு வயசு, தங்கைக்கு நாலு, தம்பிக்குப் பத்து மாசம். அம்மா முதல் நாள் ராத்திரியே மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தாள். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள் இருபது. ஈரத்துணியைப் போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு மஞ்சள் பை. ஃபிளாஸ்கில் வெந்நீர், டப்பாவில் பால் பவுடர், ஓமத்தண்ணீர் பாட்டில், வசம்பு, தம்பிக்குப் பின்னல் குல்லா. வாழையிலையில் கட்டிய புளிச்சோறு எங்களுக்கு. கடைசியாக இரண்டு எலுமிச்சம்பழம், மடித்த பழைய பேப்பர் ஒரு கட்டு. அது எதற்கென்று எனக்கு நன்றாகத் தெரியும். வாந்தி எடுக்கப்போவது நான்தான்.

விடிகாலை நாலரைக்குத் தோட்டத்து ஜீப் வந்தது. தார்ப்பாய் போட்ட ஜீப். பின்னால் இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாகப் பலகை. டிரைவர் அண்ணனின் முதுகையொட்டி அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் டின், வெங்காயம், கருவாட்டுக் கூடை. மூட்டைக்கு அடுத்து தங்கை, அப்புறம் நான். அம்மா கடைசியில், பின்வாசலையொட்டி உட்கார்ந்தாள். அந்த வாசலுக்குக் கதவு கிடையாது, ஒரு சங்கிலி மட்டும் தொங்கும். ஜீப் மலை ஏறும்போது உள்ளே இருக்கிற எல்லாமே பின்பக்கம் சரியும். அம்மா தம்பியை முந்தானையால் மார்போடு கட்டிக்கொண்டு, இடது கையால் மேல்கம்பியைப் பிடித்து, வலது காலைக் குறுக்கே நீட்டி எதிர்ப் பலகையில் ஊன்றினாள். எங்களுக்கும் திறந்த வாசலுக்கும் நடுவே அந்தக் கால் ஒரு கம்பிபோல நின்றது.

முந்தல் வரைக்கும் சமவெளி. மாந்தோப்பும் தென்னையும் இருட்டில் கடந்து போகும். முந்தலில் டிரைவர் அண்ணன் இறங்கி ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு ஏறுவார். அங்கிருந்துதான் மலை. போடிமெட்டு போய்ச் சேரப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். எனக்கு எண்ணிக்கை படிந்தது அந்த ரோட்டில்தான். ஒன்று, இரண்டு என்று தங்கைக்கு நான் சொல்லிக்கொடுக்க, அவள் ஐந்துக்கு அப்புறம் எட்டு என்பாள். ஒரு வளைவில் ஜீப் எங்களை வலது பக்கம் தள்ளும், அடுத்ததில் இடது பக்கம். ஒவ்வொரு தள்ளுக்கும் நாங்கள் அம்மாவின் காலில் போய் மோதிக்கொண்டு நிற்போம். பலகை விளிம்பில் அவள் கெண்டைக்கால் அழுந்தும் சத்தம்கூட எனக்குக் கேட்கும். அவள் காலை எடுத்ததே இல்லை.

ஆறாவது வளைவில் எனக்குக் குமட்டியது. “வெளிய பாருடி, தூரத்துல தெரியிற மலையப் பாரு” என்றாள் அம்மா. எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கில் வைத்தாள். அவள் சொன்னதில் இருந்த நியாயம் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. உடம்பு ஆடுகிறது என்று உள்காது சொல்லும். எதிரே இருக்கிற பலகையைப் பார்க்கும் கண்ணோ ஆடவில்லை என்று சொல்லும். இரண்டுக்கும் நடக்கும் சண்டைதான் அந்தக் குமட்டல். தூரத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் சமாதானமாகிவிடும். இரண்டு வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தத் தொந்தரவு அபூர்வம். நான் பேப்பரில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, தம்பி குல்லாவுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு வந்த கஷ்டம் வேறு. உயரம் ஏற ஏற எங்களுக்குக் காது அடைத்தது. போடி ஆயிரத்துச் சொச்சம் அடி, போடிமெட்டு சுமார் 4,500 அடி. அவன் காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டான். அம்மா அவனை மாரில் போட்டாள். பால் விழுங்க விழுங்க அழுகை அடங்கியது. எங்கள் இரண்டு பேர் வாயிலும் ஆளுக்கொரு பனங்கற்கண்டைப் போட்டு, “எச்சிய முழுங்கிட்டே வாங்க” என்றாள். டக்கென்று காது திறந்து, ஜீப்பின் இரைச்சல் பெரிதாக உள்ளே வந்தது.

பத்தாவது வளைவுக்கு மேலே ஒரு திருப்பத்தில் வண்டி சூடேறி நின்றது. டிரைவர் அண்ணன் பானட்டைத் தூக்கிவிட்டுப் பீடி பற்றவைத்தார். அம்மா ஒரு மரக்கிளையில் சேலையைப் போட்டுத் தூளி கட்டினாள். தூளிக்குள்ளே தம்பி, பக்கத்தில் நான் ஆட்டிக்கொண்டு. கீழே போடி முழுக்கத் தெரிந்தது. வெளிச்சம் பட்ட கண்மாய்கள் அங்கங்கே தட்டில் ஊற்றிய பால்போலக் கிடந்தன. அம்மா பாறையில் உட்கார்ந்து சேலையைக் கொஞ்சம் உயர்த்தித் தன் காலைப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே கையகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் சேலையை இழுத்துவிட்டு, “தம்பிய வேகமா ஆட்டாதடி” என்றாள்.

பதினேழாவது வளைவு முடிந்ததும் மூடுபனி. போடிமெட்டில் அந்தப் பக்கம் ஒரு செக்போஸ்ட், இந்தப் பக்கம் ஒரு செக்போஸ்ட். நடுவில் டீக்கடை. தமிழும் மலையாளமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தன. பாண்டியன் பஸ்ஸும் கேரளத்துச் சிவப்பு பஸ்ஸும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நின்றன. அம்மா எங்களுக்குப் பாலும் பன்னும் வாங்கித் தந்துவிட்டு, தம்பிக்குத் துணி மாற்றினாள். பதினோராவது துணி அது. அங்கிருந்து பூப்பாறை வரைக்கும் மர நிழலும் ஏலச்செடி வாசமும்தான்.

ஸ்டோர் வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். இரண்டு மாசத் தாடி, புகையில் சிவந்த கண். தம்பி அவரைப் பார்த்ததும் அலறிவிட்டான். அப்பா நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மாதான், “கையை அவன் மூக்குகிட்டக் கொண்டு போங்க” என்றாள். அப்பா மெதுவாக விரலை நீட்டினார். தம்பி மோந்தான். அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகி, அந்த விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான். போடியில் அம்மா பகல் முழுக்க முறத்தில் ஏலக்காய் ஆய்வாள். காம்பு கிள்ளி, பருமன் பார்த்து, நிறம் பார்த்துப் பிரிக்கிற வேலை. மேலே அப்பா வாட்டிய காயைக் கீழே அம்மா ஆய்ந்தாள். இரண்டு பேர் கையிலும் ஒரே வாசம். பத்து மாசப் பிள்ளைக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்றைக்கு ராத்திரி அடுப்பு வாசலில் அப்பா தேங்காய் எண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சி அம்மாவின் காலில் தேய்த்துவிட்டார். நான் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த ரோட்டில் அப்புறம் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். தம்பி சென்னைக்கு வேலைக்குப் போனான். அப்பா காலமானார். போடிக்கு வந்துகொண்டிருந்த மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியோடு நின்றது. அகலப்பாதையாகி 2023 ஜூன் 15-ல்தான் மறுபடி ஊருக்குள் வந்தது, அதுவும் சென்னையிலிருந்தே நேராக. அந்த வருஷம் பூஜை லீவுக்குத் தம்பி குடும்பத்தோடு அதில் வந்து இறங்கினான். மூத்தவளுக்கு நாலு வயசு, சின்னவனுக்கு ஒன்பது மாசம். “அப்பா இருந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டணும்க்கா” என்றான்.

தேனியில் இருக்கும் தங்கை வீட்டு வண்டி, ஏழு பேர் போகலாம். தம்பி ஓட்டினான், பக்கத்தில் அவன் மனைவி. நடு வரிசையில் ஒரு பக்கம் அம்மா, நடுவில் பேத்தி, மறுபக்கம் சின்னவன். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அவரவர் அளவுக்குத் தனி சீட், வார் போட்டுப் பூட்டியது. சின்னவனுடையது பின்பக்கம் பார்த்த மாதிரி இருந்ததால், கடைசி வரிசையில் இருந்த என்னையும் தங்கையையும் பார்த்துக்கொண்டே வந்தான். குழந்தைகளை இப்படிக் கட்டித்தான் கூட்டிப்போக வேண்டும் என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம். அம்மா அந்த வாரைத் தடவித் தடவிப் பார்த்தாள். “கெட்டியாத்தான் இருக்கு” என்றாள்.

முந்தல் தாண்டி முதல் வளைவு. பேத்தி எண்ண ஆரம்பித்தாள். இரண்டாவது வளைவில் தங்கை என் தொடையைக் கிள்ளினாள். எட்டிப் பார்த்தேன். அம்மாவின் வலது கால் குறுக்கே நீண்டு, பேத்தியின் முன்னால் முன்சீட்டின் முதுகில் ஊன்றி நின்றது. எழுபதை நெருங்கிய கால், நரம்பு புடைத்து, விறைத்து.

தம்பியும் கண்ணாடியில் பார்த்திருக்கிறான். “பெல்ட் எல்லாம் போட்டிருக்கும்மா. ஒண்ணும் ஆகாது. காலை மடக்கிக்கோ” என்றான்.

அம்மா மடக்கினாள். மூன்றாவது வளைவில் கால் மறுபடி நீண்டது.

“அம்மா...”

“நான் நீட்டலடா” என்றாள் அம்மா. “அது பாட்டுக்கு நிக்குது.”

தம்பி அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை மட்டும் இன்னும் மெதுவாக ஓட்டினான், மீதிப் பதினான்கு வளைவுக்கும்.