அரிசிப் பானையில் மாத்திரைகள்

மயிலைக் கடற்கரைக் குப்பங்களிலும் அடையாற்றுக் குடிசைப் பகுதிகளிலும் சுகாதாரச் செவிலியராகப் பல்லாண்டுகள் வீடு வீடாய் நடந்தவர்கள் நாங்கள். கருவுற்ற தாய்மாரிடம் இரும்புச்சத்து மாத்திரைகளைக் கொடுத்து, அட்டையில் குறியிட்டுவிட்டால் எங்கள் கடமை முடிந்தது என்றே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென்று உணர்த்தியவள் ஓர் இளம்பெண்.

அவளுக்கு அது தலைப்பிரசவம். ஏழாம் மாதத்தில் கண்ணிமையின் உட்புறம் வெளிறியிருந்தது. அட்டையிலோ எல்லாம் ஒழுங்காக இருந்தது. வினவியபோது தலைகவிழ்ந்து நின்றாள். மாமியார்தாம் அரிசிப் பானையைத் திறந்து காட்டினார். நாங்கள் கொடுத்த மாத்திரைகள் அனைத்தும் பிரிக்கப்படாமல் அதற்குள் இருந்தன.

"தப்பா நெனைக்காதீங்க நர்சம்மா. இதைச் சாப்பிட்டா வெளிக்குக் கறுப்பாப் போகுது. குழந்தையும் கறுத்துப் பிறக்கும்னு சொல்றாங்க" என்றார்.

பிரசவத்தின்போது அவளுக்கு இரத்தம் ஏற்ற நேரிட்டது. இறையருளால் தாயும் சேயும் பிழைத்தனர். ஆயினும் அட்டையில் நாங்கள் இட்ட குறிகள் எங்கள் நெஞ்சை உறுத்தின.

இம்மாத்திரையின் வரலாற்றில் நமது நகருக்கும் பங்குண்டு. 1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார், கர்ப்பகால இரத்தசோகையை ஆராயப் பம்பாய்க்கு வந்தார். 1931-இல் சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார்; இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஏழைப் பெண்களின் உணவையும் வாழ்நிலையையும் ஆராய்ந்த அவர், ஈஸ்ட்டுச் சாறு அந்நோயைத் தணிப்பதைக் கண்டறிந்தார். அதிலிருந்த சத்தே பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடும். அதில் குறையுள்ள பிள்ளையைப் பெற்ற தாய்மார், மறுமுறை கருவுறுமுன்பே இச்சத்தை உட்கொண்டால் அக்குறை மீள்வது 72 விழுக்காடு குறையும் என 1991-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு நிறுவியது.

அவ்வம்மையார் பெண்களின் உணவிலிருந்து தொடங்கினார். நாங்களோ வாசற்படியிலேயே நின்றுவிட்டோம். அன்றுமுதல் அடுக்களையில் அமர்ந்து, முதலில் மாமியாரிடம் பேசலானோம். உடலில் சேராது எஞ்சும் இரும்பே மலத்தைக் கறுப்பாக்குகிறது. குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று விளக்கினோம். காப்பி, தேநீரோடு உண்ணாமல் எலுமிச்சைச் சாற்றோடு உண்ணலாம் என்றோம். குமட்டினால் இரவு உணவுக்குப்பின் உண்ணச் சொன்னோம். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றினோம். புதுமணப் பெண்களிடம், கருவுறுமுன்பே ஃபோலிக் அமிலம் குறித்து மருத்துவரைக் கேட்கும்படி கூறினோம்.

அதே வீட்டில் இரண்டாம் பிரசவம் வந்தபோது, மாமியாரே இரவுதோறும் மாத்திரையையும் தண்ணீரையும் மருமகளின் கையில் கொடுத்தார்.

அன்பர்களே, உங்கள் இல்லத்தில் கருவுற்ற பெண் இருப்பாளாயின், "மாத்திரை வாங்கினாயா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "உண்டாயா?" என்றும் கேளுங்கள். இல்லையென்றால், கோபியாது காரணம் கேளுங்கள்.