நடுவே இல்லாத சொல்

அப்பா இறந்த முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து உறவினர் விடைபெற்றபின், அவருடைய வங்கிக் கணக்கை அம்மா பெயருக்கு மாற்றக் கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். அதையே முதல் வரியாக எழுதினேன். அருகிலிருந்த மகள் பேனாவை வாங்கி, 'இஸ்' என்றிருந்ததை அடித்து 'வாஸ்' என்று திருத்தினாள். இலக்கணப்படி அவள் செய்தது சரியே. எனக்கு அதற்குமேல் எழுத ஓடவில்லை; எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன்.

தமிழில் இத்தொல்லை குறைவு. 'அவர் என் தந்தை' என்றால் வாக்கியம் முடிந்தது. எழுவாயும் பெயர், பயனிலையும் பெயர். இரண்டையும் இணைக்க நடுவே வினை வேண்டியதில்லை. வினை இல்லாமையால் காலமும் காட்டப்படுவதில்லை. பெயரே பயனிலையாக வருவதைத் தொல்காப்பியரும் சொல்லதிகாரத்தில் ஒரு வகையாக வைத்திருக்கிறார். 'ஆவார்' என்று சேர்க்கலாம். அது மேடைக்கு உரியது, வீட்டுக்கு அன்று. உருசிய மொழியும் எபிரேயமும்கூட நிகழ்காலத்தில் நம்மைப்போலவே பெயர்களை அருகருகே நிறுத்திவிடுகின்றன. இறந்தகாலம் என்று வந்தால் மட்டும் அவற்றுக்கும் வினை வேண்டும். நாமும் 'ஆசிரியராக இருந்தார்' என்கிறோம்.

ஸ்பானியருக்கோ இணைக்கும் வினைகள் இரண்டு. ஒருவர் இன்னார், இத்தன்மையர் என்பதற்கு 'செர்'. எங்கே, எந்நிலையில் இருக்கிறார் என்பதற்கு 'எஸ்தார்'. இறந்தவரைப்பற்றிச் சொல்லும்போது அவர்கள் இடுவது இரண்டாவதை. களைத்திருக்கிறார், அமர்ந்திருக்கிறார் என்பனபோல அதுவும் ஒரு நிலை. முன்பு இதைப் படித்தபோது மனப்பாடம் செய்யவேண்டிய ஒரு விதி என்று மட்டுமே கருதினேன்.

நாம் இரண்டாகப் பிரிப்பது மறுக்கும்போது. 'அவர் ஆசிரியர் அல்லர்' என்பது வேறு, 'அவர் இல்லை' என்பது வேறு. அந்த 'இல்லை'யிலும் ஓர் இடறல் உண்டு. அப்பாவின் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "சார் இருக்கிறாரா?" என்றார். "அப்பா இல்லை" என்றேன். வெளியே போயிருக்கிறார் என்று எண்ணி, மாலையில் அழைப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். உடனே மறுபடி அழைத்து விளக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்றிரவு மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தை எடுத்தேன். உயிர்த்தெழுதல் இல்லை என்ற சதுசேயரிடம், முட்புதரிலிருந்து கடவுள் மோசேயோடு பேசியதை இயேசு நினைவூட்டும் பகுதி அது. ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் இறந்து நெடுங்காலம் ஆனபின்னும், ஆண்டவர் தம்மை அவர்களுடைய கடவுள் என்றே அறிவிக்கிறார். விடுதலைப் பயணத்தின் எபிரேய மூலத்தில் (3:6) அவ்விடத்தில் வினைச்சொல்லே இல்லை. மத்தேயுவின் கிரேக்கத்தில் 'எய்மி' என்ற வினை இருக்கிறது. மாற்கு அதை இடவில்லை. 'நான்' என்பதும் 'கடவுள்' என்பதும் நம் தமிழில்போல் இடையில் ஒன்றுமின்றி நிற்கின்றன.

மறுநாள் கடிதத்தை முடித்தேன். 'வாஸ்' அப்படியே இருந்தது. வங்கிக்கு அதுதான் வேண்டும். உடன் வைக்கவேண்டிய படிவத்தில், இறந்தவர்க்கு நீர் என்ன உறவு என்று ஒரு கட்டம் கேட்டது. 'மகன்' என்று எழுதினேன். மாலையில் அந்த மாணவர் மீண்டும் அழைத்தார்.